சுண்ணாம்புக்கு அடியில் தெரியும் எழுத்து: உருவகக் கதைகளில் பரப்புரை

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் எங்கள் தெருமுனையில் இருக்கும் மதில் சுவருக்கு வெள்ளையடி நடக்கும். பல மாதங்களுக்கு முன்பே யாராவது ஒரு கட்சிக்காரர் வந்து, சுவரின் மூலைகளில் கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம் பிடித்துவிட்டுப் போவார். பிறகு சுண்ணாம்பில் நீலம் கலந்த வாளியோடு ஆள் வந்து பழைய சின்னத்தை அழிப்பார். அது காய்ந்ததும் புதிய சின்னமும் புதிய வாக்குறுதியும் ஏறும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு நாள் நனைந்ததும் மேல்பூச்சு கரைந்து, போன தேர்தலின் வாக்குறுதி அடியிலிருந்து மங்கலாக எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் படித்துச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

இந்தச் சுவரை மனத்தில் வைத்துக்கொண்டால், உருவகக் கதைகள் பரப்புரையைப் பற்றி என்ன சொல்ல வருகின்றன என்பது எளிதில் விளங்கும். இலக்கியம் படிக்கத் தொடங்குவோர் இந்த இரண்டு சொற்களைக் கண்டு மிரள்வதை நான் பார்த்திருக்கிறேன். மிரளும் அளவுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

உருவகக் கதை என்பது ஒரே நேரத்தில் இரண்டு தளங்களில் ஓடும் கதை. மேலே தெரிவது காக்கையும் நரியும் கழுதையும் பேசும் கதை. அடியில் ஓடுவது மனிதரின் கதை, பெரும்பாலும் அரசனின் கதை. நீதிக்கதையும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்றாலும், அது ஒரு குணத்தைக் காட்டிவிட்டு முடிந்துவிடும். உருவகக் கதையோ ஓர் அரசாட்சியை, அதன் தலைவர்களை, அதில் வாழும் பல வகைப்பட்ட மக்களை ஒன்றுக்கு ஒன்று பொருத்தி, முதலிலிருந்து முடிவுவரை இணையாக நடத்திச் செல்லும். பாரதி காக்கைகளைக் கூட்டிப் பார்லிமெண்ட் நடத்த வைத்ததும், பாஞ்சாலியின் சபதத்தைப் பாடியபோது அடிமைப்பட்ட நாட்டையும் சேர்த்து நினைக்க வைத்ததும் இந்த வழியில்தான்.

பரப்புரை என்ற சொல்லில் பிறவிக் குற்றம் ஏதும் இல்லை. பிரசாரம் என்று நாம் நெடுங்காலம் சொல்லிவந்ததன் தமிழாக்கம் அது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ப்ரொபகண்டா’ என்ற சொல்கூட, 1622ஆம் ஆண்டில் போப் பதினைந்தாம் கிரகோரி சமயப் பரப்புதலுக்காக ஏற்படுத்திய சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததே. முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் அதற்கு முன்பே கிறிஸ்தவம் வேரூன்றியிருந்த நம் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு, இந்தச் சொல்லின் பிறப்பிடம் அவ்வளவு தொலைவானதாகத் தோன்றாது. முதல் உலகப் போரில் அரசுகள் தம் மக்களிடம் சொன்னவை போர் முடிந்தபின் அம்பலமானபோதுதான் அந்தச் சொல்லின்மேல் நிரந்தரமாகக் கறை படிந்தது.

அப்படியானால் பரப்புரை எப்போது ஆட்சிக் கருவியாகிறது? சந்தை நாளில் ஒலிபெருக்கி கட்டிய இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டால், ஒன்று சொல்வதை மற்றது விழுங்கிவிடும். கேட்பவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்காய் விலையைக் கேட்கப் போய்விடுவார். அது வெறும் இரைச்சல். ஓர் ஆட்டோ மட்டும் ஓடலாம், மற்றதற்கு அனுமதி இல்லை, அந்த ஓர் ஆட்டோவும் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்லும், கேள்வி கேட்பவனை அழைத்துப்போக ஆளும் பின்னாலேயே வரும் என்ற நிலை வந்தால், அப்போது அது ஆட்சி. உருவகக் கதைகள் ஆராய்வது இந்த இரண்டாம் நிலையை.

இதன் பழைய பாடங்கள் நம்மிடமே இருக்கின்றன. பஞ்சதந்திரத்துக் கொக்கின் கதையைச் சிறுவயதில் கேட்காதவர் குறைவு. முதுமையால் மீன் பிடிக்க இயலாமல் போன கொக்கு, குளம் வற்றப்போகிறது என்று மீன்களிடம் கண்ணீர் விட்டுச் சொல்லி, வேறு குளத்தில் கொண்டுவிடுவதாக ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்ப் பாறையில் வைத்துத் தின்றது. கடைசியில் நண்டு ஒன்று, பாறைமேல் கிடந்த முள்ளைப் பார்த்து விஷயம் புரிந்து, அதன் கழுத்தை நெரித்தது. இதை வஞ்சகத்தின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்களைப் பார்த்தவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிப்பார்கள். குளம் வற்றும் என்பது பொய்யாகப் படவே படாது. பங்குனி வந்தால் வண்டல் வெடித்துக் கிடப்பதைக் கண்ணால் கண்ட மீனுக்கு, கொக்கின் எச்சரிக்கையைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. அரசியல் பரப்புரையின் முதல் இலக்கணம் இதுதான் என்பேன்: அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில்லை, மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் நியாயமான அச்சம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது.

வெள்ளாட்டை நாய் என்று நம்பவைத்த மூன்று திருடர்களின் கதை அடுத்த பாடம். ஆட்டைத் தோளில் போட்டு வந்த அந்தணரிடம் முதல் திருடன், நாயைச் சுமந்து போகிறீரே என்றபோது அவர் கோபப்பட்டார். இரண்டாமவன் சொன்னபோது இறக்கிப் பார்த்தார். மூன்றாமவன் சொன்னதும் போட்டுவிட்டு ஓடினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது மட்டும் இங்கே விஷயம் என்றால் ஒருவனே மூன்று முறை சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல இடைவெளிவிட்டு நின்றதில்தான் தந்திரம் இருக்கிறது. ஒரே வாயிலிருந்து வந்தது மூன்று சாட்சியாகத் தோன்றியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலும், ஊர்க் குழுவில் மதியமும், பள்ளித் தோழர் குழுவில் இரவிலும் எழுத்துப் பிசகாமல் வந்து சேரும் அதே செய்தியைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆட்டின் நினைவு வரும்.

இவை துண்டுக் கதைகள். ஓர் ஆட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டு, பரப்புரை அதற்குள் எப்படி நாள்தோறும் வேலை செய்கிறது என்று படிப்படியாகக் காட்டிய நவீன உருவகக் கதை, ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1945 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளியான ‘விலங்குப் பண்ணை’. ஆர்வெல் 1903ஆம் ஆண்டில் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். பர்மாவில் ஆங்கிலேய அரசின் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்தியாவுக்கான போர்க்கால ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். அதாவது பரப்புரை எந்தச் சமையலறையில் வேகிறது என்பதை உள்ளிருந்து கண்டவர் அவர்.

கதை எளியது. பண்ணைக்காரர் ஜோன்ஸை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்துகின்றன; மெல்ல மெல்லப் பன்றிகள் எசமானர்களாகின்றன; அவற்றுள்ளும் நெப்போலியன் என்ற பன்றி தன் போட்டியாளனான ஸ்நோபாலை நாய்களை ஏவித் துரத்திவிட்டுத் தனி ஆட்சி நடத்துகிறது. 1917 ரஷ்யப் புரட்சியையும், ஸ்டாலின் தன் போட்டியாளரான டிராட்ஸ்கியை ஒழித்துக்கட்டியதையும் அடியில் வைத்து எழுதப்பட்டது இது. பரப்புரை என்ற வேலையைச் செய்வது ஸ்குவீலர் என்னும் கொழுத்த சிறு பன்றி. அது பேசும்போது இப்படியும் அப்படியும் துள்ளிக்கொண்டு வாலை ஆட்டும். கறுப்பை வெள்ளையாக்கிவிடும் என்று மற்ற விலங்குகளே சொல்லிக்கொள்ளும்.

புரட்சி முடிந்த கையோடு விலங்குகள் ஏழு கட்டளைகளை வகுத்து, தார் பூசிய கொட்டகைச் சுவரில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருந்தன. எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சில காலம் கழித்துப் பன்றிகள் ஜோன்ஸின் வீட்டுக்குள் குடியேறிக் கட்டிலில் உறங்குவதாகச் செய்தி வருகிறது. க்ளோவர் என்ற பெண் குதிரைக்கு உறுத்துகிறது. அதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆகவே முரியல் என்ற ஆட்டை அழைத்து வந்து சுவரைப் படிக்கச் சொல்கிறது. விரிப்புப் போட்ட கட்டிலில் உறங்கக் கூடாது என்று ஆடு படிக்கிறது. விரிப்பைப் பற்றி ஏதும் இருந்ததாகக் க்ளோவருக்கு நினைவில்லை. ஆனாலும் சுவரில் இருக்கிறது. அப்படியென்றால் முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

இந்த ஓர் இடத்தை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். க்ளோவர் ஒரு பொய்யை நம்பவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்திருக்கிறது. தன் நினைவைத் தானே பொய் என்று ஒதுக்கிவிட்டது. கட்டளையை அழித்திருந்தால் கலவரம் வந்திருக்கும். ஒரு சொல்லைச் சேர்த்ததால் எல்லாம் அமைதியாக முடிந்தது. மதுவைப் பற்றிய கட்டளையில் ‘அளவுக்கு மீறி’ என்பதும், கொலையைப் பற்றிய கட்டளையில் ‘காரணமின்றி’ என்பதும் பின்னால் இதே வழியில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒருநாள் நள்ளிரவில் சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்து பார்த்தால், ஏணி இரண்டாக முறிந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்குவீலர் விழுந்து கிடக்கிறது. ஒரு விளக்கும் தூரிகையும் கவிழ்ந்த வெள்ளைச் சாயக் குவளையும் சிதறிக் கிடக்கின்றன. இவ்வளவு கண்டும், பெஞ்சமின் என்ற கிழக் கழுதையைத் தவிர ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. எங்கள் தெருச் சுவரில் மழை செய்யும் வேலையை அந்தப் பண்ணையில் செய்ய ஒருவரும் இல்லை.

வாசகருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் கையில் முந்தைய பக்கம் இருக்கிறது. புரட்டிப் பார்த்தால் கட்டளை முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். பரப்புரையை விளக்க உருவகக் கதை ஏன் இவ்வளவு பொருத்தமான வடிவம் என்று கேட்டால், என் விடை இதுதான்: பாத்திரங்கள் இழந்துவிட்ட நினைவை அது வாசகரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த நினைவு இல்லாதவர்களை எவ்வளவு சுலபமாக ஆளலாம் என்று வேடிக்கை காட்டுகிறது. செய்தித்தாளில் நாம் க்ளோவரின் இடத்தில் நிற்கிறோம். கதையில் க்ளோவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் நமக்குக் கிடைக்கிறது.

ஸ்குவீலரின் மற்ற உத்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீனியைக் குறைத்துவிட்டு அதைக் குறைப்பு என்று சொல்லாது. சீரமைப்பு என்று சொல்லும். உற்பத்தி 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் பெருகிவிட்டதாகப் பட்டியல் படிக்கும்; வயிறு காய்ந்திருந்தாலும் எண்ணை மறுக்க விலங்குகளிடம் வேறு எண் கிடையாது. காற்றாலை புயலில் விழுந்தாலும் பழி ஓடிப்போன ஸ்நோபாலின் மேல் விழும். யாராவது முணுமுணுத்தால், ஜோன்ஸ் திரும்பி வர வேண்டுமா என்று ஒரே கேள்வி கேட்கும். கொக்கு மீனிடம் சொன்னதும் இதே ரகம். வாதம் எடுபடாத இடத்தில் ஸ்குவீலருடன் வந்திருக்கும் மூன்று நாய்கள் உறுமும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாக்கு மட்டும் ஆட்சி நடத்துவதில்லை. பின்னால் பல் இருப்பதால்தான் நாக்கின் பேச்சு ஏறுகிறது.

செம்மறியாடுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நான்கு கால் நல்லது, இரண்டு கால் கெட்டது என்ற ஒற்றை வரியைக் கற்றுக்கொண்டு, யாராவது எதிர்த்துப் பேச வாய் திறக்கும்போதெல்லாம் அவை அதையே கத்திக் கூட்டத்தைக் குலைத்துவிடும். நம் பக்கத்தில் இதை ஜால்ரா போடுவது என்கிறோம். அந்த வாத்தியத்துக்கு இந்தக் கெட்ட பெயர் வந்தது நியாயமில்லை என்பது என் கட்சி. சுடலை மாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? முன்னால் இருப்பவர் வில்லைத் தட்டிக் கதை சொல்ல, குடமும் உடுக்கையும் ஜால்ராவும் வைத்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் என்று இழுப்பார்கள். அதே ஆட்கள் நடுவில் நிறுத்தி, அது எப்படி அண்ணாச்சி, அவ எதுக்கு அங்க போனா என்றும் கேட்பார்கள். கேள்வி வந்தால் கதை சொல்பவர் விளக்கியே ஆக வேண்டும். செம்மறியாட்டின் கூச்சலில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஒரு குழுப் பாட்டு எப்போது பரப்புரையாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நினைவைப் பற்றிப் பேசும்போது, மக்கள் பாட்டில் உண்மை அப்படியே தங்கிவிடும் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது கம்பெனி அரசு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் பின்னர் இடிக்கப்பட்டது. ஆனாலும் கதைப்பாடல்களில் அவர் பெயர் வாழ்ந்தது. நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை அவற்றைப் பதிப்பித்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அந்த வரையில் உண்மைதான்.

ஆனால் அதே வானமாமலை கவனித்துச் சொன்ன இன்னொரு செய்தி, அந்தப் பெருமையைச் சற்று அடக்கிவைக்கிறது. பாபநாசத்து மலையடிவாரத்தில் வழங்கும் முத்துப்பட்டன் கதையில், அந்தணனான பட்டன், செருப்புத் தைக்கும் அருந்ததியர் குலத்துப் பெண்களான பொம்மக்காளையும் திம்மக்காளையும் மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் துறந்து அவர்கள் தொழிலையும் ஏற்கிறான். பின்னாளில் எழுந்த கதை வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு செய்தி நுழைக்கப்பட்டது. திருமணம் அப்படியே இருக்கிறது. பட்டன் அப்படியே இருக்கிறான். நான்கைந்து அடிகள்தாம் கூடுதல். அந்த அடிகளால் சாதியைத் தாண்டிய கதை, சாதிக்குள்ளேயே நடந்த கதையாகிவிட்டது. ஏணியும் சாயக் குவளையும் ஏந்தி யார் அதைச் செய்தார் என்று யாரும் பார்க்கவில்லை. விரிப்புப் போட்ட கட்டில் என்ற சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த அடிகளே.

இப்படிச் சுற்றி வளைத்து விலங்குகளை வைத்துச் சொல்வானேன், நேராகவே சொல்லலாமே என்று தொடக்கநிலை வாசகர் கேட்பார். நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை 1908ஆம் ஆண்டின் திருநெல்வேலி கண்டது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசினார்கள். மார்ச் 12 அன்று கைதானார்கள். மறுநாள் ஊர் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. பேச்சுக்காகத் தொடரப்பட்ட ராஜத்துரோக வழக்கில் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டவை இரண்டு ஆயுள் தண்டனைகள். அப்படிப்பட்ட காலத்தில் கதையின் போர்வையும் கேலிச்சித்திரத்தின் போர்வையும் எழுதுகிறவருக்குச் சிறிது மூச்சுவிட இடம் தந்தன. பாரதியின் ‘இந்தியா’ இதழ் கேலிச்சித்திரங்களைக் கையாண்ட காலமும் அதுவே. பின்னால் ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் தலைதூக்கியபோது, நம் ஊர்க்காரரான புதுமைப்பித்தன் ஹிட்லரைப் பற்றிய நூலுக்குக் ‘கப்சிப் தர்பார்’ என்று பெயர் வைத்தார். ஒருவன் பேச மற்றவர் எல்லாரும் வாய்பொத்தி நிற்கும் சபையை இரண்டே சொல்லில் காட்டும் அந்தத் தலைப்புக்கு, பரப்புரையின் இலக்கணம் முழுவதும் தெரிந்திருக்கிறது.

போர்வை எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. ஆர்வெலின் கையெழுத்துப் படி 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் அப்போது சோவியத் ரஷ்யா பிரிட்டனின் போர்க்காலக் கூட்டாளி. பன்றிகள் யார் என்று எல்லாருக்கும் புரிந்ததால் பல பதிப்பாளர்கள் மறுத்தார்கள். அவர்களுள் ஒருவர், தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரைக் கலந்துகொண்டபின் பின்வாங்கினார். தணிக்கை உத்தரவு ஏதும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு யோசனை சொல்லப்பட்டது, அதுவே போதுமாயிருந்தது.

இத்தகைய கதைகளைப் படிக்கும்போது ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதுண்டு. எந்தப் பன்றி எந்தத் தலைவர் என்று பொருத்திப் பார்ப்பது தேர்வுக்கு உதவும். கதையைப் படிக்க அது பெரிதாக உதவாது. ஒரு வாக்குறுதி முதன்முதலில் எந்தச் சொற்களில் சொல்லப்பட்டது என்று ஓரத்தில் குறித்து வைத்து, அது மறுபடி வரும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் சுவை இருக்கிறது. யார் பேசுகிறார் என்பதோடு, யார் பேசாமல் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். எல்லாம் புரிந்தும் வாய் திறக்காத கழுதை பெஞ்சமின், தன் தோழனான பாக்ஸர் என்ற குதிரையைக் கசாப்புக்காரனின் வண்டி ஏற்றிச் செல்லும்போதுதான் முதல்முறையாகக் கத்துகிறது; வண்டியின் பக்கவாட்டில் இருந்த எழுத்தை மற்றவர்களுக்கு அது உரக்கப் படித்துக் காட்டும்போது காலம் கடந்துவிட்டது. அதற்கும் ஸ்குவீலரிடம் விளக்கம் இருக்கிறது: அந்த வண்டியைக் கால்நடை மருத்துவர் வாங்கிவிட்டாராம், பழைய பெயரை அழித்து எழுத இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். கட்டளைச் சுவருக்கு இரவோடு இரவாகச் சாயம் ஏற்றத் தெரிந்தவர்கள், வண்டிக்கு மட்டும் சாயம் பூச நேரமில்லை என்கிறார்கள்.

உருவகக் கதையே பரப்புரையாக மாறவும் கூடும். ‘விலங்குப் பண்ணை’ 1954ஆம் ஆண்டில் பிரிட்டனில் முழுநீள கார்ட்டூன் படமாக வந்தது. அதற்கான பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது என்பது பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரிந்தது. புத்தகத்தின் முடிவில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாட, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எது பன்றி முகம், எது மனித முகம் என்று பிரித்தறிய முடியவில்லை. அத்தோடு கதை நின்றுவிடுகிறது. படத்தில் மனிதர்கள் அந்த அறையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பன்றிகள் மட்டும் விருந்துண்ண, மற்ற விலங்குகள் திரண்டு வந்து அவற்றைத் தாக்குகின்றன. பன்றிகளோடு மனிதர்களும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது, படத்தை மட்டும் பார்த்தவருக்குத் தெரிய வழியே இல்லை.